பக்கத்து வீட்டு வாசலில் 41ஆம் எண் சட்டை ஏன்? (கால்பந்து: ஜெட்ஸ், 1969 சூப்பர் பவுல்)

எடிசன்_ராஜா | ஞாயிறு இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் நியூஜெர்சி எடிசனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார், நியூயார்க் ஜெட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வெறியர். வருஷா வருஷம் ஜனவரி 12 அன்று, பனி கொட்டினாலும் சரி, வாசல் கம்பியில் ஒரு ஜெட்ஸ் சட்டையை மாட்டி வைத்துவிட்டுக் காபியோடு உட்கார்ந்துவிடுவார். 1969இல் ஜெட்ஸ் சூப்பர் பவுல் (அந்த ஆட்டத்தின் வருடாந்திர இறுதிப் போட்டி) ஜெயித்த நாளாம். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த அணி சூப்பர் பவுல் பக்கமே போகவில்லை, அதனால் கொண்டாட அவருக்கு இருப்பதே அந்த ஒரு நாள்தான்.

சந்தேகம் என்னவென்றால், அந்த ஆட்டம் என்றாலே எல்லோரும் ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜோ நாமத் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவர் எண் 12. இவர் மாட்டுவது 41. ஏன் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே "நீயே கண்டுபிடி" என்கிறார். இங்கே பழைய ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த ஆட்டத்தை நேரில், இல்லை டிவியிலாவது பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

சும்மா_வந்தவன் | ஞாயிறு இரவு 9:52

கால்பந்து என்று தலைப்பில் இருந்ததை நம்பி மதுரையிலிருந்து உள்ளே வந்தேன். இது முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டமாச்சே. காலுக்கு இதில் என்ன வேலை?

எடிசன்_ராஜா | ஞாயிறு இரவு 9:55

ஓடுவதற்குத்தான் தம்பி. எப்போதாவது உதைக்கவும் செய்வார்கள்.

கொலம்பஸ்_பழசு | ஞாயிறு இரவு 11:15

41 என்றால் மாட் ஸ்னெல், அந்த அணியில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடினவர். இதற்கு யோசிக்கவே வேண்டாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் தெரிந்தவர், அவரை விட்டுவிடாதீர்கள்.

நான் அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்தவன். 1967 செப்டம்பரில் திருச்சியிலிருந்து மேல்படிப்புக்காக ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் வந்தேன். விடுதியின் கீழ்த்தளத்தில் பொது அறை, அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி, முன்னால் முப்பது நாற்பது பையன்கள். நான் பின்னால் நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தேன். தேதி எனக்கு மறக்காததற்கு வேறு காரணமும் உண்டு. அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை பொங்கல், அன்றைக்குத்தான் நம் மாநிலத்துக்கு அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது. அப்பா எழுதிய கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்தபோது அண்ணா மறைந்த செய்தியே வந்துவிட்டது. அந்த மூன்று வாரமும் என் மனதில் ஒரே முடிச்சாகக் கிடக்கிறது, ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அப்போது இரண்டு லீக் இருந்தன. பழைய பெரிய வீட்டுக்காரர்கள் என்எஃப்எல். 1960இல் புதிதாகக் கடை போட்டவர்கள் ஏஎஃப்எல். இரண்டையும் இணைப்பது என்று 1966இல் பேசி முடித்திருந்தார்கள், ஆனால் 1970 வரை தனித்தனி. இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதுவதுதான் சூப்பர் பவுல். முதல் இரண்டு வருஷமும் கிரீன் பே அணி புது லீக்காரர்களைத் துவைத்து எடுத்தது, 35-10, 33-14. அதனால் மூன்றாவது வருஷம் புது லீகின் ஜெட்ஸுக்கு எதிராகப் பழைய லீகின் பால்டிமோர் கோல்ட்ஸ் வந்தபோது ஆட்டம் முடிந்த மாதிரிதான் எல்லோரும் பேசினார்கள். கோல்ட்ஸ் அந்தப் பருவத்தில் 13 ஆட்டம் ஜெயித்து ஒன்றே ஒன்று தோற்றவர்கள். லீக் இறுதி ஆட்டத்தில் கிளீவ்லாந்தை 34-0 என்று அடித்திருந்தார்கள். பந்தயக்காரர்கள் கணக்கில் 18 புள்ளி வித்தியாசத்தில் கோல்ட்ஸ் ஜெயிக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை இரவு, மயாமியில் ஒரு விருந்து. கூட்டத்தில் யாரோ சீண்ட, நாமத் எழுந்து ஞாயிற்றுக்கிழமை நாங்கள்தான் ஜெயிப்போம், உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் விடுதியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் எங்கள் ஊரில் அன்று கவனமெல்லாம் வேறு இடத்தில். ஓஹையோ ஸ்டேட் அணி அந்த ஜனவரி 1 அன்றுதான் ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் ஓ. ஜே. சிம்ப்சன் இருந்த தெற்கு கலிஃபோர்னியாவை 27-16 என்று வென்று, தோல்வியே இல்லாமல் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. ஊரே பத்து நாளாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தது. இந்த ஆட்டத்தில் ஜெட்ஸின் மாட் ஸ்னெல் எங்கள் கல்லூரி, கோல்ட்ஸின் டாம் மாட்டி எங்கள் கல்லூரி. இரண்டு பேரும் எங்கள் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸிடம் அடி உதை வாங்கி வளர்ந்தவர்கள் (அடி உதை என்பது சும்மா ஒரு பேச்சுக்கு, ஆனால் ரொம்பச் சும்மாவும் இல்லை). அதனால் எங்கள் அறையில் கட்சி இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் பார்த்தால் ஸ்னெல் ஓடியது 121 யார்டு, மாட்டி ஓடியது 116. நாமத்துக்கு யார் கைதட்டினார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

சும்மா_வந்தவன் | திங்கள் காலை 7:03

ஐயா, மன்னிக்கணும். தொழில்முறை ஆட்டக்காரர் எந்தக் காலேஜில் படித்தார் என்பதை அறுபது வருஷம் கழித்தும் ஏன் விடாமல் பேசுகிறார்கள்? நம் ஊரில் ஒரு கிரிக்கெட்காரர் எங்கே படித்தார் என்று யாருக்குக் கவலை?

கொலம்பஸ்_பழசு | திங்கள் காலை 8:30

நியாயமான கேள்வி தம்பி. இங்கே இந்த ஆட்டத்துக்குக் கல்லூரிதான் நாற்றங்கால். தொழில்முறை அணிகள் அங்கேயிருந்துதான் ஆள் எடுக்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை அணிகள் வரிசையாக உட்கார்ந்து நீ இவனை எடு, நான் அவனை எடுக்கிறேன் என்று பிரித்துக்கொள்வார்கள். அப்போது இரண்டு லீகும் தனித்தனியாக டிராஃப்ட் நடத்தியதால் ஒரே பையனை இரண்டு பேரும் இழுப்பார்கள். ஸ்னெல்லை நியூயார்க்கின் பெரிய அணியான ஜயன்ட்ஸும் கேட்டது, ஜெட்ஸும் கேட்டது. அவர் ஜெட்ஸுக்குப் போனார். இன்னொன்று, தொழில்முறை அணி மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். கல்லூரி எங்கே போகும்?

பால்டிமோர்_சேகர் | திங்கள் காலை 9:12

அந்தக் கடைசி வரியை என் முதல் வீட்டு ஓனரிடம் சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார். 1984 மார்ச்சில் ஒரு ராத்திரியோடு ராத்திரியாக கோல்ட்ஸ் அணி லாரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு இண்டியானாபோலிஸ் போய்விட்டது. நான் அடுத்த வருஷம் பால்டிமோர் வந்தேன், துக்க வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அவரிடம் 1969 பற்றி மட்டும் பேசக் கூடாது என்று எனக்கு முன்னால் குடியிருந்தவர் சாவியோடு சேர்த்தே எச்சரிக்கையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனாலும் அவரே குடித்துவிட்டால் ஆரம்பிப்பார். அவருடைய வழக்கு எப்போதும் ஒன்றுதான்: பேண்டு வாத்தியம்.

முதல் பாதி முடிய சில விநாடிகள். ஜெட்ஸ் 7, கோல்ட்ஸ் 0. கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஏர்ல் மோரல் (மிச்சிகன் ஸ்டேட் கல்லூரி) பந்தை மாட்டியிடம் கொடுக்கிறார், மாட்டி வலது பக்கம் ஓடுகிற மாதிரி ஓடிவிட்டுத் திரும்ப மோரலுக்கே எறிகிறார். ஜெட்ஸ் ஆட்கள் முழுக்க ஏமாந்துவிட்டார்கள். கோல் எல்லைப் பக்கத்தில் ஜிம்மி ஆர் தன்னந்தனியாக நின்றுகொண்டு கையை ஆட்டுகிறார், பத்தடிக்குள் ஒரு ஈ காக்கா இல்லை. மோரல் அவரைப் பார்க்கவே இல்லை! நடுவில் ஜெர்ரி ஹில்லுக்கு எறிந்தார், ஜெட்ஸின் ஜிம் ஹட்சன் பிடித்துக்கொண்டார். பாதி முடிந்தது.

ஏன் பார்க்கவில்லை? இடைவேளைக்கு வாசிக்க ஃப்ளோரிடா ஏ அண்டு எம் கல்லூரி பேண்டு குழு அந்த எல்லைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டதாம், அவர்கள் உடை நீலமாம், கோல்ட்ஸ் சட்டையும் நீலம், ஆர் அந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டாராம். எங்கள் ஓனர் சாகும்வரை அந்த பேண்டைத் திட்டினார்.

கணக்குப்பிள்ளை | திங்கள் காலை 10:40

அந்தக் கல்லூரியின் நிறம் ஆரஞ்சும் பச்சையும் ஆச்சே சேகர். நீலம் எங்கிருந்து வந்தது?

பால்டிமோர்_சேகர் | திங்கள் காலை 10:44

அதை என் ஓனரிடம் கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது.

கணக்குப்பிள்ளை | திங்கள் காலை 10:58

கொலம்பஸ் ஐயா, நீங்கள் பார்த்தீர்களே, பேண்டுக்காரர்கள் நீலமா?

கொலம்பஸ்_பழசு | திங்கள் மதியம் 12:20

கறுப்பு வெள்ளைப் பெட்டி என்று எழுதியிருந்தேனே. என் கண்ணுக்கு ஆரும் சாம்பல், பேண்டும் சாம்பல், நாமத்தும் சாம்பல். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஆர் கையை ஆட்டியது பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது.

ஆஸ்டின்_மீனா | திங்கள் இரவு 8:05

சேகர் அண்ணா ஜிம் ஹட்சன் பெயரைச் சொன்னதால் வந்தேன். அவர் எங்கள் ஆள், டெக்சஸ் பல்கலைக்கழகம். நான் அங்கே படித்தது ரொம்பப் பிற்காலம், ஆனால் என் முதல் மேலாளர் அந்தக் காலத்து டெக்சஸ் மாணவர். மதிய சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவருக்கு 1965 புத்தாண்டு இரவு ஆரம்பித்துவிடும். அந்த இரவைச் சொல்லாமல் 1969ஐச் சொல்வது பாதிக் கதைதான் என்பார். இத்தனை பேர் எழுதியும் அதை யாருமே தொடவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

1965 ஜனவரி 1. இடம் மயாமியின் ஆரஞ்சு பவுல் மைதானம். நான்கு வருஷம் கழித்து சூப்பர் பவுல் நடந்த அதே மைதானம். அலபாமாவும் டெக்சஸும் மோதின. அலபாமா அதுவரை தோற்காத அணி, ஆட்டத்துக்கு முன்பே தேசிய சாம்பியன் என்று வாக்களித்து முடித்தாகிவிட்டது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோ நாமத், முட்டியில் காயம், முதலில் வெளியே உட்கார்ந்திருந்து பிறகு இறங்கினார். இறங்கியவர் 255 யார்டு எறிந்து ஆட்ட நாயகன் பரிசும் வாங்கினார். ஆனால் ஜெயித்தது நாங்கள், 21-17.

எப்படி ஜெயித்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் டச்டவுன்களில் (பந்தோடு எதிரணி எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுப்பது) ஒன்று, ஹட்சன் எறிந்து ஜார்ஜ் சாவர் பிடித்தது, 69 யார்டு. நாமத் எறிந்த பந்தில் இரண்டைப் பறித்தவர் பீட் லாமன்ஸ். கடைசிக் கால் பகுதியில் கோலுக்கு ஒரே ஒரு யார்டு இருக்கும்போது நாமத் தானே பந்தோடு உள்ளே முட்டினார், டாமி நோபிஸும் கூட்டமும் தடுத்துவிட்டார்கள். எல்லையைத் தாண்டிவிட்டேன் என்று அவர் இன்றும் சொல்கிறார். இல்லை என்று நாங்கள் இன்றும் சொல்கிறோம்.

இப்போது 1969 ஜெட்ஸ் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஜார்ஜ் சாவர், ரிசீவர், அதாவது எறிகிற பந்தைப் பிடிக்கிறவர். பீட் லாமன்ஸ், டைட் எண்டு, அவரும் பந்து பிடிக்கிறவர்தான். ஜிம் ஹட்சன், பின்வரிசைத் தடுப்பு. நாமத்தை அந்த மைதானத்தில் தோற்கடித்த மூன்று பேரும் அதே மைதானத்தில் நாமத்தோடு நின்றார்கள். சூப்பர் பவுலில் நாமத் அதிகம் எறிந்தது சாவருக்குத்தான், 8 பந்து, 133 யார்டு. கோல்ட்ஸ் கதையை முடித்த அந்தப் பேண்டு வாத்தியப் பந்தைப் பிடித்தது ஹட்சன்.

எங்கள் மேலாளர் இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சாப்பிடாமல் இருப்பார்.

எடிசன்_ராஜா | திங்கள் இரவு 8:31

அடேயப்பா. இது எனக்குத் தெரியவே தெரியாது. நாமத்தை ஜெட்ஸ் எடுத்தது அதற்கு அப்புறமா?

ஆஸ்டின்_மீனா | திங்கள் இரவு 8:40

மறுநாளே. ஜனவரி 2. 4,27,000 டாலர் ஒப்பந்தம், அதில் ஒரு லிங்கன் காரும் அடக்கம். 1965இல் அது கேட்டால் மயக்கம் வருகிற பணம். சாவருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு, அவர் அப்பாவும் ஜார்ஜ் சாவர்தான், ஜெட்ஸுக்கு ஆள் பொறுக்கும் வேலையில் இருந்தார்.

கணக்குப்பிள்ளை | திங்கள் இரவு 10:17

சரி, மூலக் கேள்விக்கு வருவோம். 41. எனக்கு இது ரொம்ப நாள் வயிற்றெரிச்சல், அதனால் கொட்டிவிடுகிறேன்.

ஆட்ட நாயகன் பரிசு நாமத்துக்குக் கொடுத்தார்கள். 28 எறிந்து 17 சேர்ந்தது, 206 யார்டு. டச்டவுன் பாஸ் பூஜ்யம். கடைசிக் கால் பகுதியில் ஒரு பந்துகூட எறியவில்லை. மறுபடி சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை. ஸ்னெல் 30 தடவை பந்தை வாங்கிக்கொண்டு முட்டி மோதி 121 யார்டு, ஜெட்ஸின் ஒரே டச்டவுன் அவர் ஓடியது. மீதிப் புள்ளியெல்லாம் ஜிம் டர்னர் (யூட்டா ஸ்டேட்) உதைத்த மூன்று ஃபீல்டு கோலும் அந்த டச்டவுனுக்கான கூடுதல் ஒன்றும். 16-7. கோல்ட்ஸின் அந்த 7 வந்ததே ஆட்டம் முடிய மூன்றரை நிமிஷம்கூட இல்லாதபோது. பேச்சுக்குப் பரிசு கொடுத்தார்கள், உழைப்புக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பால்டிமோர்_சேகர் | திங்கள் இரவு 10:50

பிள்ளைவாள், ஒரு திருத்தம். எறியாமல் இருந்ததே ஒரு வேலைதான். டான் மேனார்டு என்று ஒரு ரிசீவர், டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி, காலில் தசை வலி. ஆரம்பத்தில் நாமத் அவருக்கு ஒரே ஒரு நீளப் பந்து எறிந்தார், மயிரிழையில் தவறியது. அதைப் பார்த்துப் பயந்த எங்கள் ஆட்கள் ஆட்டம் முழுக்க மேனார்டு பக்கமே சாய்ந்து நின்றார்கள். எதிர்ப்பக்கம் சாவருக்குக் காவல் ஒரே ஆள், லென்னி லைல்ஸ். மேனார்டு அன்று பிடித்தது பூஜ்யம். அதையெல்லாம் ஆட்டம் தொடங்கும் கோட்டில் நின்று பார்த்துப் படித்துப் படித்து ஆட்டத்தை மாற்றியது யார்? நாமத். புள்ளிவிவரத்தில் அது வராது.

கணக்குப்பிள்ளை | திங்கள் இரவு 10:53

அப்படியென்றால் மேனார்டுக்குக் கொடுத்திருக்கலாம்.

டெலவேர்_செல்வி | செவ்வாய் காலை 6:48

இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். ஸ்னெல் ஓடினார், ஓடினார் என்கிறீர்கள், எந்தப் பக்கம் ஓடினார் என்று யாராவது பார்த்தீர்களா? இடது பக்கம். திரும்பத் திரும்ப இடது பக்கம். அங்கே வழி திறந்து விட்டது வின்ஸ்டன் ஹில், 75ஆம் எண். ஹூஸ்டனில் இருக்கும் டெக்சஸ் சதர்ன் என்ற கறுப்பினக் கல்லூரியிலிருந்து வந்தவர். 1963 டிராஃப்டில் அவரை எடுத்தது யார் தெரியுமா, இதே கோல்ட்ஸ். எடுத்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் ஜெட்ஸுக்குப் போய், ஆறு வருஷம் கழித்து அதே கோல்ட்ஸின் வலது முனையை நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தார். அவரைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தது 2020இல். அவர் 2016இலேயே இறந்துவிட்டார்.

நான் இருக்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தெற்கே போனால் பிரின்சஸ் ஆன் என்று ஒரு குட்டி ஊர். அங்கே ஒரு கறுப்பினக் கல்லூரி, அப்போது மேரிலாந்து ஸ்டேட் என்று பெயர், இப்போது மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஈஸ்டர்ன் ஷோர் கிளை. சுற்றிலும் வயல்காடு, கோழிப் பண்ணை. அந்த ஒரு கல்லூரியிலிருந்து மட்டும் அந்த ஜெட்ஸ் அணியில் மூன்று பேர். எமர்சன் பூசர், ஸ்னெல்லோடு சேர்ந்து ஓடினவர். ஏர்ல் கிறிஸ்டி. அப்புறம் ஜானி சாம்பிள். சாம்பிள் 1958இலும் 1959இலும் கோல்ட்ஸ் சாம்பியன் ஆனபோது அந்த அணியிலேயே ஆடியவர், பிறகு அவர்களோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவர். மயாமியில் மோரல் எறிந்த பந்தை ஜெட்ஸ் கோல் எல்லைக்குப் பக்கத்திலேயே பறித்தார். ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து வெர்லன் பிக்ஸ் தடுப்பு வரிசையில்.

மீனா சொன்ன 1965 ஆரஞ்சு பவுல் அருமையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்த மைதானத்தில் அலபாமாவிலும் சரி டெக்சஸிலும் சரி ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் கிடையாது. இரண்டு கல்லூரியும் அப்போது எடுக்க மாட்டார்கள். ஹில் டெக்சஸ்காரர், ஆனால் மீனாவின் கல்லூரிக்கு அவர் போயிருக்கவே முடியாது. பழைய லீக் அந்தச் சின்னக் கறுப்பினக் கல்லூரிகள் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்க்காத காலத்தில் புது லீக்காரர்கள் போய்த் தேடினார்கள். தேடித்தான் ஆகவேண்டும், பெரிய கல்லூரி ஆட்களுக்குப் போட்டி அதிகம். அந்தத் தேவையால் வந்து சேர்ந்த அணி அது.

ஆஸ்டின்_மீனா | செவ்வாய் காலை 7:30

உண்மைதான் அக்கா. எங்கள் கல்லூரிப் பெரிய அணியில் முதல் கறுப்பின வீரர் ஆடியது 1970இல்தான். 1969 தேசிய சாம்பியன் பட்டத்தைக் கொண்டாடும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், என் மேலாளர் அதைச் சொன்னதில்லை.

கொலம்பஸ்_பழசு | செவ்வாய் காலை 9:05

செல்வி, நல்ல அடி. எங்கள் பொது அறையிலும் அன்று ஒரு மூலையில் நாலைந்து கறுப்பினப் பையன்கள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பிள் பந்தைப் பிடித்தபோது அந்த மூலையிலிருந்து வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. எனக்கு அப்போது காரணம் புரியவில்லை, இந்த ஆட்டமே அரைகுறையாகத்தானே புரிந்தது.

இன்னும் ஒரு ஓஹையோ கணக்கு பாக்கி இருக்கிறது. ஜெட்ஸ் பயிற்சியாளர் வீப் யூபாங்க் படித்தது மயாமி பல்கலைக்கழகம். மயாமி என்றதும் ஃப்ளோரிடா என்று நினைக்காதீர்கள், இது எங்கள் ஓஹையோவில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் இருக்கிறது (இங்கிலாந்தும் இல்லை!). என் தங்கை மாப்பிள்ளைக்கு இதை விளக்கவே ஒரு மாலை ஆயிற்று. கோல்ட்ஸ் பயிற்சியாளர் டான் ஷூலா, கிளீவ்லாந்து பக்கம் ஜான் கரோல் கல்லூரி. யூபாங்க்தான் முன்னால் கோல்ட்ஸுக்குப் பயிற்சியாளர், 1958, 1959 பட்டமெல்லாம் அவர் வாங்கிக் கொடுத்தது, அவருக்குக் கீழே ஷூலா ஆட்டக்காரராகவும் இருந்திருக்கிறார். 1962 முடிந்ததும் யூபாங்கை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் 33 வயது ஷூலாவை உட்கார வைத்தார்கள். பழைய மாமனாரும் புது மருமகனும் மோதிக்கொண்ட மாதிரி. ஓஹையோ பத்திரிகைகளுக்கு யார் ஜெயித்தாலும் தீனி.

பால்டிமோர்_சேகர் | செவ்வாய் காலை 10:22

கல்லூரி என்று பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்று. எங்கள் தடுப்பு வரிசையில் புப்பா ஸ்மித் என்று ஒரு மலை, மிச்சிகன் ஸ்டேட். அவரைச் சமாளிக்க ஜெட்ஸ் என்ன செய்தார்கள் தெரியுமா? நாமத்துக்குக் காவல் நிற்கிற வரிசையில் உள்ளே கார்டாக ஆடிக்கொண்டிருந்த டேவ் ஹெர்மனை வலது ஓரத்துக்கு மாற்றினார்கள். ஹெர்மனும் மிச்சிகன் ஸ்டேட். பந்தை எறிந்து எறிந்து கெடுத்த மோரலும் மிச்சிகன் ஸ்டேட். ஒரே கல்லூரி ஆட்கள் மூன்று பேர், எங்களுக்கு ஒருவரால்கூட லாபமில்லை.

மோரலைத் திட்டி எழுதிவிட்டேன், அதற்காக ஒரு பரிகாரம்: அந்தப் பருவம் முழுக்க கை முட்டி வலியில் இருந்த ஜானி யுனைடஸுக்குப் பதில் அணியைத் தூக்கி நிறுத்தி, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் அவர்தான். மயாமியில் மூன்று பந்தைக் கோட்டைவிட்டார். 1972இல் ஷூலா மயாமி டால்ஃபின்ஸை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முடித்தாரே, அதில் காயம்பட்டவருக்குப் பதிலாக இறங்கிப் பெரும்பாலான ஆட்டங்களை ஆடியது இதே மோரல். அப்போது 38 வயது. எங்கள் ஓனர் இருந்து இதைக் கேட்டிருந்தால் இன்னும் ஒரு பெக் ஊற்றிக்கொண்டிருப்பார்.

சும்மா_வந்தவன் | செவ்வாய் காலை 11:15

ஐயா, ஒரு சந்தேகம். இத்தனை கல்லூரி பேசுகிறோமே, அந்த நாமத் டிகிரி முடித்தாரா? எங்கள் அம்மா என்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆஸ்டின்_மீனா | செவ்வாய் மதியம் 12:02

ஹா ஹா, நல்லா மாட்டினார். 1965இல் பாதியில் விட்டுவிட்டு ஓடியவர்தான். அம்மாவிடம் முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாராம். 2007 டிசம்பரில் அலபாமாவில் பட்டம் வாங்கினார், 64 வயதில். இந்த உத்தரவாதத்துக்குத்தான் நாள் அதிகம் பிடித்தது.

கணக்குப்பிள்ளை | செவ்வாய் மதியம் 12:10

இதற்கு வேண்டுமானால் ஆட்ட நாயகன் பரிசு கொடுக்கலாம்.

கொலம்பஸ்_பழசு | செவ்வாய் இரவு 9:50

மீனா 1965 கதையில் சொன்ன அந்த 69 யார்டு பந்து எனக்குள் இரண்டு நாளாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எறிந்த ஹட்சனும் பிடித்த சாவரும் 2013இல் ஒரே கோடையில் போய்விட்டார்கள். சாவர் மே மாதம், ஹட்சன் ஜூன்.

சாவர் கடைசியாக இருந்தது இங்கே, கொலம்பஸை ஒட்டியிருக்கும் வெஸ்டர்வில்லில். என் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். நான் வாரா வாரம் காய்கறி வாங்கும் ஊர் அது. ஒருவேளை கடையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கலாம், யார் கண்டது. நல்ல உச்சத்தில் இருக்கும்போது 1971இல், 27 வயதில், இந்த ஆட்டம் மனிதனை மனிதனாக வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு விலகிப் போனவர். அந்த முடிவு பற்றி அவரிடம் பேச எனக்கு நிறைய இருந்தது. அவர் இங்கே இருந்தார் என்பதே இரங்கல் செய்தி படித்துத்தான் தெரியும். ஆரஞ்சு பவுல் மைதானத்தையும் 2008இல் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது பேஸ்பால் ஆடுகிறார்கள்.

ராஜா, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டீர்களா இல்லையா?

எடிசன்_ராஜா | புதன் இரவு 7:35

இன்று சாயந்திரம் போனேன் ஐயா. இந்த இழையை முழுக்க அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஸ்னெல் 121, மாட்டி 116, வின்ஸ்டன் ஹில், மேரிலாந்து ஸ்டேட், டெக்சஸ் மூன்று பேர், எல்லாம். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பேண்டு கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் கணக்குப்பிள்ளை வாதத்தை நான் என் வாதம் மாதிரியே எடுத்துவிட்டேன், பரிசு ஸ்னெல்லுக்குத்தான் போயிருக்க வேண்டும், அதனால்தான் நீங்கள் 41 மாட்டுகிறீர்கள், சரிதானே என்றேன்.

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: பல வருஷம் முன்னால் ஒரு கடையில் பாதி விலைக்குப் போட்டிருந்தார்களாம். இவர் போய்ச் சேர்வதற்குள் 12 எல்லாம் விற்றுவிட்டதாம். அவர் அளவுக்குக் கிடைத்தது 41 மட்டும்தான்.

கணக்குப்பிள்ளை | புதன் இரவு 7:41

இதை நான் படிக்கவில்லை.

கொலம்பஸ்_பழசு | புதன் இரவு 8:20

இருக்கட்டும் ராஜா. அடுத்த வருஷமும் அதையே மாட்டச் சொல்லுங்கள்.